ஆத்தாளுக்கு முதல் வீடு

நனைந்த கம்பளியும் பெரிய அண்டாவில் வெந்த பருப்பும் சேர்ந்து வீசிய வாடைதான், அந்தப் புயல் மழையை நினைத்தால் இன்றும் முதலில் மூக்கில் ஏறுகிறது. அப்புத்தளைக்குக் கீழே மலையை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு "காம்பரா", ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்து போன பிறகு எங்கள் பக்கத்தில் மழை என்றாலே யாரும் தூங்குவதில்லை என்பதால், புயல் வருகிறது, இறங்குங்கள் என்று கிராம சேவகர் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா போஞ்சி விதையை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டாள். அப்பா மாரியம்மன் படத்தை எடுத்துக்கொண்டார்.

அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, லயத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கிடந்த தேயிலைச் சரிவைக் கொத்திப் பண்படுத்தி, கோவா, லீக்ஸ், போஞ்சி என்று காய்கறி போட்டு எங்களை வளர்த்தவர். சரிவின் மேலே, எங்கள் காம்பராவுக்கு நேராக, மாரியம்மன் கோவில். நாலு சுவரும் ஒரு தகரக் கூரையும்தான். விதைத்தாலும் ஆத்தா, வெட்டினாலும் ஆத்தா, லொறி வராமல் கோவா அழுகிப் போனாலும் "ஆத்தா வேற வழி விடுவா" என்பார். அவள் விட்ட வழி எதையும் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மழை விட்டது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். வீடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பொலித்தீனில் சுற்றிய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு தப்பியிருந்தால் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். காலில் அட்டை ஏறி இரத்தம் வழிந்ததைக்கூட அவர் தட்டிவிடவில்லை.

"மொதல்ல வீடு இருக்கான்னு பாப்போம்ங்க" என்றாள் அம்மா.

"வாய வச்சிக்கிட்டு சும்மா வா புள்ள. அவ அங்கதான இருக்கா."

வளைவு திரும்பியதும் லயம் தெரிந்தது. பன்னிரண்டு காம்பராவும் அப்படியே நின்றன. கோவிலைத்தான் காணோம். மேலேயிருந்து சரிந்து வந்த மண் கோவிலை மூடி, அதோடு நின்று, எங்கள் பின்சுவருக்குப் பத்தடி மேலே குவிந்து கிடந்தது. தகரத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா சேற்றில் மண்டியிட்டு, "நமக்காக அவ படுத்துட்டா, நமக்காக அவ படுத்துட்டா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பன்னிரண்டு குடும்பமும் விழுந்து கும்பிட்டது. நானும் விழுந்தேன். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தால் நீங்களும் விழுந்திருப்பீர்கள்.

அடுத்த வாரம் மண்ணை ஆராய ஒரு அதிகாரி மாத்தயா வந்தார். வீட்டுக்குப் பின்னால் தரை நீளமாக வெடித்திருந்ததைக் காட்டி, என் காலை உள்ளே விடச் சொன்னார். கணுக்கால் வரை போனது. இனி இங்கே குடியிருக்கக் கூடாது, அடுத்த பெருமழைக்கு இந்த மலை நிற்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அப்பா அந்த வெடிப்பில் மண் போட்டு மிதித்து, அம்மாவின் விதையை அதன் மேலேயே ஊன்றிவிட்டார். அந்த வருசம் போஞ்சி நன்றாகத்தான் காய்த்தது.

ஆனாலும் எங்களுக்கு நல்ல காலம் பிறந்த மாதிரிதான் இருந்தது. றோட்டோரச் சமதரையில் தேயிலையைப் பிடுங்கி, எங்கள் புது வீடுகளுக்கென்று அளந்து முளைக்குச்சி அடித்தார்கள். அம்மா தினமும் போய் எங்கள் குச்சியைப் பார்த்துவிட்டு வருவாள். அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனுசர் வந்தார். ஆத்தா மண்ணைத் தாங்கிய கதையைக் கேட்டுக் கண்கலங்கி, அவளுக்குப் பெரிய கோவிலாகக் கட்டித் தருகிறேன் என்றார். பழைய இடத்தில் கட்டக் கூடாது, ஆபத்து என்று அதிகாரிகள் உடனே சொன்னார்கள். சாமிக்கு ஆபத்து என்றால் எவ்வளவு சீக்கிரம் புரிகிறது பாருங்கள். அப்படியானால் எங்கே கட்டுவது என்று கூட்டத்தில் கேள்வி வந்தபோது, முதலில் எழுந்தது என் அப்பாதான்.

"அந்தச் சமதரையிலயே கட்டுங்க. அவ நமக்காக மண்ணுல படுத்தவ. ஆத்தாளுக்கு மொதல்ல வீடு, அப்புறம் நமக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரிகள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வீடுகள் "அடுத்த கட்டத்தில்" வரும் என்று எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள். வீட்டுக்கு வந்த அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "புள்ளைங்கள மண்ணுக்கடியில விட்டுட்டு, எந்தத் தாயாவது மொத ஆளாச் சமதரைக்குப் போவாளாங்க?" அப்பா படத்துக்கு விளக்கேற்றப் போய்விட்டார்.

அடுத்த திருவிழாவுக்குள் கோவில் எழும்பிவிட்டது. கோபுரம், பளபளவென்று தரை, மண்டபம். அப்பா தீச்சட்டி எடுத்தார். வீடு மட்டும் வரவே இல்லை. அதிகாரிகள் மாறினார்கள், மந்திரிகள் மாறினார்கள், அடுத்த கட்டம் மாறவில்லை.

நான் இப்போது பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஏழு காம்பரா பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் போனபின் லீக்ஸ் சரிவு முழுக்க மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. என்னோடு வந்துவிடுங்கள் என்றால் "அவள விட்டுட்டா?" என்கிறார். அவரை விட்டு அம்மா வரமாட்டாள். எனக்கு எரிச்சலாக வருகிறது; அழுகையும் வருகிறது.

மழை எச்சரிக்கை வந்தால் லயத்தில் மிச்சமிருப்பவர்கள் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. கோவில் மண்டபத்தில்தான் தங்குகிறார்கள். உள்ளே சமைக்கக் கூடாது, காலைப் பூசைக்கு முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும் என்பது கோவில் கமிட்டியின் உத்தரவு. போன மழைக்குப் போன் எடுத்தபோது, "அவ வீட்டுல ஒரு ஓரமா ஒண்டியிருக்கோம்டி" என்றாள் அம்மா. அதற்குள் அப்பா போனை வாங்கி, "பாத்தியா, ஆத்தா நம்மளக் கைவிடல" என்றார், சந்தோசமாக. எதற்கும் அவரை எதிர்த்துப் பேசுகிற நான் அன்றைக்கு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன். மழை விட்டதும் முதல் ஆளாகப் பாயைச் சுருட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மேலே அந்த லயத்துக்கே போய்விட்டார்.