ஷாஃப்ட் சக்கரம் சுற்றும்வரை

கணவரின் வேலைக்காக நாங்கள் வந்து குடியிருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் சில நாட்களில் வீடு லேசாக ஆடும். அடியில் நிலக்கரி வெட்டுகிறார்கள். அலமாரியில் கோப்பைகள் கலகலக்கும், சுவர்ப்படம் சாயும். அக்கம்பக்கத்தார் படத்தை நேராக்கி, சுவரில் புது விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காபி குடிப்பார்கள். முதல் தடவை ஆடியபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு, குளிரில் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஈ காக்கை இல்லை.

எதிர்வீட்டு ஹெல்கா சன்னலைத் திறந்து, "பயப்படாதே, நிலநடுக்கம் இல்லை, சுரங்கம்தான்" என்றாள். சுரங்கம் என்பதால்தான் பயம் என்று சொல்ல என்னிடம் ஜெர்மன் போதவில்லை. கூரைகளுக்கு மேலே தெரிந்த இரும்புக் கோபுரத்தையும் அதன் உச்சியில் இருந்த சக்கரத்தையும் காட்டி, "ஷாஃப்ட்!" என்றேன். "யா, ஷஹ்ட்" என்று தலையாட்டினாள். நான் ஜெர்மன் கற்றுக்கொள்கிறேன் என்று அவளுக்குச் சந்தோஷம். அவள் கணவர் டீட்டர் அப்போது அந்தச் சுரங்கக் குழிக்குள்தான் வேலையில் இருந்தார். அவள் பாட்டுக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டாள். எனக்குத்தான் உள்ளே போக மனம் வரவில்லை.

நான் கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில் வளர்ந்தவள். அங்கே வீடு ஆடினால் பூமிக்குள் பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஷாஃப்ட் சக்கரத்தைப் பார்ப்போம். அது சுற்றினால் ஆளேற்றும் கூண்டு, கேஜ், ஏறுகிறது, ஆட்கள் மேலே வருகிறார்கள். "சுத்துது, சுத்துது! போங்க உள்ள" என்று யாராவது கத்திய பிறகே அடுப்பு எரியும். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? என் அண்ணன் அங்கே இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தான்.

ஹெல்கா சொன்ன சொல் என்னைக் குடைந்தது. சின்ன வயதில் ஷாஃப்ட் தமிழ் என்றே நினைத்திருந்தேன். டீச்சர் அது இங்கிலீஷ் என்றபோது, துரைமார் எங்களிடம் கற்றிருப்பார்கள் என்று வாதாடினேன். இங்கே நூலகத்து அகராதியைப் பார்த்தால் இங்கிலீஷ்காரனுக்கும் அது தனிச்சொத்து இல்லை. ஜெர்மானிய மொழிகளின் பழைய பொதுச்சொல்லாம். முதலில் ஈட்டியின் காம்பைக் குறித்ததாம். சுரங்கக் குழிக்கு அந்தப் பெயர் வந்தது 'ஷஹ்ட்'டைப் பார்த்து இருக்கலாம் என்று அகராதியே சந்தேகத்தோடுதான் சொல்கிறது. சுரங்கம் வெட்ட ஒரு காலத்தில் ஜெர்மானியரை இங்கிலாந்துக்கு அழைத்தார்களாம். பிறகு இங்கிலாந்துக்காரன் கோலாருக்கு வந்தான். வட ஆற்காட்டிலிருந்து என் பாட்டன் வந்தான். பிழைக்கப் போனவர்கள் வாயிலேயே ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது இந்தச் சொல். அதை நான் திரும்பக் கொண்டுவந்து ஹெல்காவிடம் காட்டியிருக்கிறேன்!

ஆசையாக அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இன்னாம்மா, பேரு எங்கேர்ந்து வந்தா இன்னா? ஷாப்டையே மூடப்போறாங்களாம். மேல வந்து நான் இன்னா பண்றது?" என்றான். மூடட்டும், அவன் உயிரோடு மேலேயே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

மூடிவிட்டார்கள். அண்ணன் இப்போது விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு கட்டட வாசலில் காவலுக்கு நிற்கிறான். "இப்பவும் ஊடு ஆடுது" என்றான் போன வாரம். "ஆனா யாரும் வெளிய வர்றதில்ல. கீழ குழியில யாரு கீறாங்க?" நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டபோது சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

நேற்று இங்கே மறுபடி ஆடியது. கால் தானாகத் தெருவுக்கு ஓடியது. இந்த முறை ஹெல்காவும் பாத்திரம் துடைக்கும் துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அண்ணன் கதையெல்லாம் இதற்குள் அவளுக்குத் தெரியும்.

"உன் அண்ணன்தான் மேலே வந்துவிட்டாரே, இன்னும் யாருக்காக நிற்கிறாய்?" என்று கேட்டாள்.

"டீட்டருக்காக" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் நகர்ந்தது. "சுத்துது! போங்க உள்ள" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே போனாள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் நின்றேன், இனிமேல் சுற்றாத இன்னொரு சக்கரத்துக்காக.