சோதனைக்குப் போட்ட பெயர்கள்

அக்காவின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது. எடுத்ததும் அவர் முகம் வெளிறியது. மறுமுனையில் அவருடைய அண்ணி கத்தியது எனக்கே கேட்டது: "படகு திரும்பலன்னு மெசேஜ் வந்துருக்கு. என்னடி ஆச்சு உங்கண்ணனுக்கு?"

காரைக்காலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். எங்கள் குழுத்தலைவியைத்தான் எல்லோரும் அக்கா என்போம். கிளிஞ்சல்மேட்டு மீனவக் குடும்பத்துப் பெண். கடலுக்குப் போன படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் இணையதளம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். புது டேட்டாபேஸ் வெறுமையாக இருக்கும். தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் மாதிரித் தகவல் கொஞ்சம் நிரப்பியாக வேண்டும். நாங்கள் 'டெஸ்ட் ஒன்', 'டெஸ்ட் டூ' என்று போடுவோம். அக்காவுக்குப் பிடிக்காது. "இப்படிப் போட்டா தப்பு கண்ணுல படாது. நெசப் பேராப் போடுங்க" என்பார். தன் ஊர்ப் படகுகளையும் அந்த வீடுகளின் எண்களையும் அவரே நிரப்பினார். செய்தி வெளியே போகும் வழியை அடைத்து வைத்திருந்ததால் யாருக்கும் பயமில்லை. அன்று காலை எங்கள் முதலாளி, ஒருவரிடமும் சொல்லாமல், அந்த வழியைத் திறந்துவிட்டிருந்தார். அது தெரியாமல் அக்கா சோதனையை ஓட்டினார்.

"அண்ணி, அது சும்மா சோதனைக்குப் போட்டது. பொய்யி" என்றார் அக்கா. கெட்ட சேதியை மறைப்பவர்களும் அப்படித்தானே பேசுவார்கள். "மறைக்காத, சொல்லிடு" என்று அண்ணி அழுதார். மற்ற வீடுகளிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. அக்கா வண்டிச் சாவியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கரையில் கூட்டம். சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர். 'படகு திரும்பவில்லை' என்ற வாக்கியத்தை அங்கே யாராலும் லேசாகப் படிக்க முடியாது. அக்கா ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொன்னார். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன, கூட்டமும் வீடு வீடாகக் கலைந்தது. அண்ணனின் படகு மட்டும் வரவில்லை. மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டியவர். போனும் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி பொய் என்று அக்காவைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் அவர் உதடு வறண்டு கிடந்தது. கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தது, இன்ஜின் நின்றுபோய், வேறொரு படகு இழுத்துவர. அண்ணன் இறங்கிக் கரையில் காத்து நின்ற எங்களைப் பார்த்துத் திகைத்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அண்ணி அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"பொய்யின்னியே. பெறகு ஏன் நீயும் எங்களோட கடலப் பாத்துக்கிட்டே நின்ன?"



மறுநாள் அக்கா அந்த டேட்டாபேஸை முழுக்க அழித்துவிட்டு, இல்லாத படகுகளும் யாருக்கும் சொந்தமில்லாத எண்களுமாக முதலிலிருந்து நிரப்பினார். இன்றும் என் அலுவலகத்தில் யாராவது தெரிந்தவர் பெயரைச் சோதனைக்குப் போட்டால் நான் உடனே அழிக்கச் சொல்லிவிடுகிறேன். தளம் திறந்தபோது கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒருவரும் சேரவில்லை. போய்க் கேட்க அக்காவுக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஒரு முற்பகலில் அண்ணியே அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அன்னக்கி நெசமாவே இன்ஜின் நின்னுதான் கெடந்துருக்காரு. எனக்கு ஒரு சேதி வேணும்தான். ஆனா நீ என்னக் கேக்காமப் போட்ட. இப்ப நானே சொல்றேன், போட்டுக்க."

அக்காவுக்கு அந்த எண் மனப்பாடம். இருந்தும் "சொல்லுங்க அண்ணி" என்று, ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டுக் கேட்டுத்தான் தட்டினார்.