கைசா யார் கணக்கில்

ரோண்டா லாஹ்தி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை செய்து பார்த்தாயிற்று, போதும் என்பாள். பனி கொட்டும் அமெரிக்க ஊரான எஸ்கனாபாவில் மில் தொழிலாளி டுவேன் கிவெலாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, இருவருக்கும் பிறந்த மகள் கைசாவை வளர்த்து, சென்ற மார்ச்சில் இறந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எவ்வளவு பனி கொட்டினாலும் ஒரு பிள்ளையைக்கூடச் சாலையோரம் விட்டுவிட்டு வந்ததில்லை.

மணமாகாத பெற்றோரில் ஒருவர்தான் பிள்ளையைத் தன் வரிக்கணக்கில் காட்டி, கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். சம்பளம் குறைந்த ரோண்டா காட்டினால்தான் அதிகம் திரும்பி வரும். அதனால் ஆண்டுதோறும் அவள்தான் காட்டினாள். கைசா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பிப்ரவரியில், வீட்டு ஹீட்டர் செத்தது. மூவரும் சமையலறை அடுப்பருகே படுத்தார்கள். வரிப்பணம் வந்தால்தான் புது ஹீட்டர்.

நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு போட்டுத்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆஸ்ட்ரண்டர் அவளை மறுபடி அங்கே வரச் சொன்னார்.

“நான் கம்ப்யூட்டர்ல அனுப்பின உங்க கணக்கு திரும்பிடுச்சு, ரோண்டா. கைசாவை வேற யாரோ முன்னாடியே காட்டியிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? எங்கூட உக்காந்து சாப்பிடுறவன்தான்.”

“ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கலேன்னா, சம்பளம் அதிகமா வாங்குறவருக்குத்தான் போகும். பேசாம கல்யாணம் பண்ணிக்கலாமே?”

“ஹீட்டருக்காகக் கட்டிக்கிட்டா, அது ரிப்பேரானதும் விவாகரத்தா சார்?”

வீட்டில் டுவேன் கோட்டோடு உட்கார்ந்து, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பாஸ்டியைத் தின்றுகொண்டிருந்தான். கத்தத் தயாராகத்தான் அவள் உள்ளே வந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“மில்லுல சிரிக்கிறானுங்க. கிவெலா வரியில பிரம்மச்சாரியாம். புள்ள உன்னுதுதானான்னு லெராய் கேக்குறான்.”

“லெராய் வாய மூட எம்பொண்ணு குளிர்ல கிடக்கணுமா? அவ மூஞ்சியில ஒட்டியிருக்கே உன் மூக்கு, அதப் பாத்துக்கச் சொல்லு.”

டுவேன் சிரிக்கவில்லை. “பேரும் லாஹ்தி. ஸ்கூல்லயும் லாஹ்தி. என்னுதுன்னு எங்க இருக்கு?”

ரோண்டா வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள். மகளின் பெயர்தான் பத்து வருடமாக அவள் விட்டுக்கொடுக்காத விஷயம். ஹீட்டரைப் பற்றிப் பேச வந்தவள், அதைப் பற்றிப் பேசவில்லை.

“கணக்க நீ திருத்திக் குடு. அவளுக்கு உன் பேர நான் தரேன்.” பிறகு அடுப்பருகே படுத்திருந்தவளைப் பார்த்தாள். “நீ என்னடி சொல்ற?”

“ரெண்டு பேரும் வேணும்,” என்றாள் கைசா போர்வைக்குள்ளிருந்து.

டுவேன் கணக்கைத் திருத்தி அனுப்பினான். கோபம் தன்மேலேயே இருந்ததால், பனியில் ஓட்டும் ஸ்லெட் வண்டியை விற்று அந்த வாரமே ஹீட்டர் வாங்கினான். ரோண்டா தன் கணக்கைத் தாளில் எழுதித் தபாலில் போட்டாள். பணம் வந்தபோது மே மாதம், பனியே இல்லை. அதில் பெயர் மாற்றத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டினாள். மகள் ‘கைசா லாஹ்தி கிவெலா’ ஆனாள்.

பெயரை மாற்றிய நீதிமன்ற உத்தரவை டுவேன் மில்லுக்கு எடுத்துப்போனான். மாலையில் திரும்பியதும் ரோண்டா கேட்டாள், “லெராய் என்ன சொன்னான்?”

“காட்டல,” என்றான் டுவேன். “சாப்பாட்டு நேரத்துல நானே நாலு தடவ படிச்சிட்டு இருந்தேன்.”