கம்ப்ரசருக்கு வைத்த பொட்டு

விஜயராணி இட்லி மாவு விற்கிறவள். பாகூருக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில், என் வீட்டுக்கு அடுத்த வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் கரும்பு வெட்டப் போனாள், அப்புறம் நடவுக்கு, அப்புறம் ஒரு துணிக் கம்பெனிக்கு. எங்கே எவன் அதட்டினாலும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். கடைசியில் ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கிரைண்டர் அதட்டாது. பிள்ளையார்குப்பத்தில் நர்சுப் பெண்கள் தங்கும் ஒரு விடுதிக்கு இப்போது அவள் மாவுதான் போகிறது. அவள் வீட்டு அடுப்பு அந்த விடுதியை நம்பித்தான் எரிகிறது.

இந்தக் கோடையில் அவளுடைய பழைய பிரிட்ஜ் மண்டையைப் போட்டது. காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்தது. "இன்னொரு தடவ புளிச்சா பாக்கெட் மாவுக்கு மாறிடுவேன், விஜயராணி" என்று விடுதி வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தவளக்குப்பம் போனால் கடை கடையாகப் பிரிட்ஜ் நிற்கிறது. தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் அவள் புருஷன் ராஜ்மோகன், மினி லாரி ஓட்டுகிறவன், செல்போனிலேயே குடித்தனம் நடத்துகிற மகராசன், ஏதோ ஆன்லைன் கம்பெனியில் ஆபர் பார்த்துவிட்டான். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் "தங்களது சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று மெசேஜ் அனுப்புவான்.

பிரிட்ஜ் ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. அட்டையைப் பிரித்ததும் பிளக்கைச் சொருகவேண்டியதுதானே? இவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மஞ்சள் குழைத்தாள். கதவில் மூன்று பொட்டு, பக்கவாட்டில் இரண்டு புறமும் பொட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் குங்குமம். அதோடு விட்டாளா? பின்பக்கம் போய்க் குனிந்து, அடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் கம்ப்ரசருக்கும் பெரிதாக ஒன்று வைத்தாள்.

"அதுக்கெதுக்குடி?" என்று கேட்டேன். நாங்கள் வேதக்காரர்கள். புதுச் சாமான் வந்தால் ஒரு ஜெபத்தோடு சரி.

"வேல செய்யறது அதுதானே, லில்லிக்கா. மூஞ்சிக்கு மட்டும் வெச்சா இன்னா நாயம்?"

கற்பூரம் காட்டி, சாமி கும்பிட்டு, பிளக்கைச் சொருகினாள். உள்ளே விளக்கு எரிந்தது. அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், குளிர் வரவே இல்லை. மறுநாள் பார்த்தால், வெளியே வைத்த மாவைவிட உள்ளே வைத்த மாவு முந்திக்கொண்டு பொங்கியிருந்தது.

புகார் கொடுத்ததும் ஒருத்தன் வந்தான். கம்ப்ரசர் பக்கம் தலையைக்கூட நீட்டவில்லை. கதவில் இருந்த பொட்டை மட்டும் கல்யாண போட்டோக்காரன் மாதிரி வளைத்து வளைத்துப் படமெடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: "பொருளின் மீது மஞ்சள் மற்றும் சிவப்பு நிறக் கறைகள் உள்ளன. கறை படிந்த பொருள், பயன்படுத்தப்பட்ட பொருளாகவே கருதப்படும். திரும்பப் பெற இயலாது."

விஜயராணி போன் போட்டாள்.

"ஏம்மா, ஒரு சொம்பு தண்ணி குளுந்திருந்தாக்கூட பயன்படுத்தினேன்னு ஒத்துக்குவேன். பொட்டு வெச்சது உனக்குக் கறையா?"

"மேடம், அந்தக் கறையத் துடைச்சிட்டு வேற போட்டோ அனுப்புங்க, பார்க்கலாம்."

"வெச்ச பொட்ட அழிக்கச் சொல்றியே, உன் வூட்ல அப்பிடித்தான் செய்வீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நானாக இருந்தால் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்திருப்பேன். அவள் மாட்டாள். வீம்பு பிடித்த கழுதை.

வீம்புக்கு விலை அவள் உடம்புதான். விடுதிக்கு ஒரே நாளில் இரண்டு வேளை ஆட்டி, ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்தில் இறக்கி, ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒருநாள் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "விடுதி போச்சின்னா மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போவணும்க்கா. தோளு தாங்காது." அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் இருந்திருந்தால் புளித்த மாவைத் தலையோடு கவிழ்த்திருப்பேன்.

தினமும் போன் போட்டுப் போட்டு அவர்களை ஓயவிடாமல் அடித்தாள். கடைசியில் "நல்லெண்ண அடிப்படையில்" வேறு புதுப் பிரிட்ஜ் தருவதாகச் சொல்லி, குளிராத அந்தப் பிரிட்ஜை எடுத்துப் போனார்கள். நல்லெண்ணமாம்! மறுவாரம் புது அட்டை, புது டேப், புது பாலிதீன் சுற்றி இன்னொன்று வந்தது. முகம் பளபளவென்று இருந்தது. பிளக்கைச் சொருகினால் விளக்கு எரிந்தது. குளிர் இல்லை.

"நம்ம ராசி அப்பிடி" என்றான் ராஜ்மோகன்.

"ராசியாவது மண்ணாவது" என்று செல்போன் வெளிச்சத்தைப் பின்பக்கம் அடித்துக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "லில்லிக்கா! இங்க வந்து பாரு!"

பார்த்தேன். கம்ப்ரசரில் அவள் வைத்த பொட்டு, குங்குமம் கொஞ்சம் உதிர்ந்து, அப்படியே இருந்தது. படுபாவிகள் மூஞ்சியை மட்டும் கழுவி, அதே பிரிட்ஜை அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படமெடுத்து அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். இந்த முறை பெரிய அதிகாரி ஒருத்தர் பேசினார்.

"பொட்டு இருந்தா பழைய சாமான்னு நீங்கதான சார் எழுதி அனுப்பினீங்க? இப்ப நீங்க அனுப்பின புதுச் சாமான்ல பொட்டு இருக்குது. பழசத்தான் புதுசுன்னு குடுத்தீங்களா? இல்ல உங்க கம்பெனியிலயே பூச போட்டு அனுப்பறீங்களா? எதுன்னு சொல்லுங்க."

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரீபண்ட் போட்டுடறோம் மேடம். அந்த போட்டோவ மட்டும் எங்கயும் ஷேர் பண்ணாதீங்க."

"அய்யய்யோ, அது அப்பவே ஊரு குரூப்புக்குப் போயிடுச்சே சார்."

பணம் வந்து சேர்ந்தது. தவளக்குப்பம் கடையில் பிளக்கைச் சொருகச் சொல்லி, விரல் விறைக்கும்வரை உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேறு பிரிட்ஜ் வாங்கினாள். விடுதிக்கு மாவு இன்றுவரை நிற்கவில்லை.

கம்பெனி ஆட்கள் அந்தச் செத்த பிரிட்ஜை எடுத்துப்போக வந்த அன்று, இவள் மறுபடியும் மஞ்சள் குழைத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்தாள்.

"அதான் இருக்குதே, திரும்ப எதுக்குடி?" என்றேன்.

"கலஞ்சி போயிருக்குதுக்கா" என்று கம்ப்ரசரில் அழுத்தி வைத்தாள். "அடுத்து எவ வூட்டுக்கு அனுப்பப் போறானுங்களோ. குனிஞ்சி பாத்தா அவளுக்காவது தெரியட்டும்."