வெயிலில் நின்ற ஒயின் பெட்டி

மதுவிலக்குக் காலம். ராயபுரம் சரக்குக் கிடங்கில் நான் குமாஸ்தா. ஏதோ குளிர்நாட்டுத் திராட்சைத் தோட்டத்திலிருந்து மாதா கோயில் பூசைக்கு அரசு அனுமதியோடு ஒயின் வந்திருந்தது. அதிகாரி கையெழுத்திடாமல் பெட்டியை நகர்த்தக் கூடாது என்பது விதி. விதிப்படி வெயிலிலேயே விட்டேன். குனிந்து முத்திரையைப் பார்த்தபோது உள்ளே புட்டி வெடித்தது, சட்டையெல்லாம் ஒயின்.

"இன்னா சார், குளிச்சிட்டு வந்தா மாறி கீறே? வாசலாண்ட போலீஸு ஒவ்வொருத்தனா மோந்து பாத்துகினு கீறான்!" என்றார் சுமை தூக்கும் காசிம் பாய்.

அனுமதி பெட்டிக்குத்தான், என் சட்டைக்கு இல்லை. வேலை போகும், ஜெயிலும் உறுதி என்று நினைத்தேன். பெட்டியை வாங்க வந்த பாதிரியார்தான் வாசல்வரை கூடவே நடந்து, "இது கோயில் ஒயின்" என்று சாட்சி சொல்லிக் காப்பாற்றினார்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும் பார்சலை முதலில் நிழலுக்கு நகர்த்துகிறேன். கையெழுத்து பிறகுதான்.