அண்ணை சாப்பிட்ட போலந்துக் கடை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய ஒரே தங்கச்சி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். கடிதத்தைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கதைக்கவும் எனக்கு வராது. அண்ணையின் மகன், அதாவது என் மருமகன், “மாமி, அப்பாவின்ரை சின்ன வயசு தெரிஞ்ச ஆள் இப்ப நீங்கள் ஒராள்தான். நீங்கள்தான் எழுதவேணும்” என்று சொல்லி, கொப்பியும் பேனையும் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுக்கத் தெரியாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை வடமராட்சியில் பிறந்தவர். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது எங்கள் ஐயா தவறிவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. அண்ணை படிப்பை விட்டுவிட்டு ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றார். என் கலியாணத்தைச் செய்துவைத்த பிறகுதான் தன் கலியாணத்தைப் பற்றிக் கதைக்க விட்டார். நாட்டில் பிரச்சினை கூடிய காலத்தில் ஜேர்மனிக்குப் போனார். அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் பதினொரு வருடம் கோப்பை கழுவினார். அகதியாகப் போன மனுசரை அந்தக் குசினியில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஒரு சமையல்காரர் மட்டும், அவர் போலந்து நாட்டவர், தனக்கென்று காய்ச்சிய சூப்பில் பாதியை அண்ணைக்கு ஊற்றிக் கொடுப்பாராம். அந்த நேரம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. இந்தக் கதையை அண்ணை எனக்குச் சொன்னது மூன்று வருடத்துக்கு முன்புதான். அதுவரை அவர் தன் கஷ்டத்தை வாய் திறந்து சொன்னவர் அல்ல.

பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு எடுக்கும்வரை வேலை செய்தார். என் கணவர் தவறியபின் என்னையும் இங்கே எடுப்பித்து, சட்டனில் தன் வீட்டிலேயே ஓர் அறை தந்தார். “என்ரை வீடு” என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “எங்கடை வீடு” என்றுதான் சொல்லுவார்.

அண்ணி தவறிப்போனபின் அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி வைக்கிற மாதிரியே நானும் குழம்பு வைத்துப் பார்த்தேன். இரண்டு வாய் வைப்பார். “நல்லாயிருக்கு பிள்ளை” என்பார். கையைக் கழுவிவிடுவார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டார்.

இப்படி இருக்க, ஒரு புதன்கிழமை மத்தியானம் வெளியே போனவர் திரும்பி வந்து தனக்குச் சோறு வேண்டாம், வயிறு முட்ட இருக்கிறது என்றார்.

“எங்கை சாப்பிட்டனீங்கள்?”

“போலந்துக்காரரின்ரை கடை ஒண்டிலை.”

“அங்கை என்ன, மாடோ பண்டியோ?”

“கோவாவும் பீற்றூட்டும், மரக்கறிதான். வாற புதன் நீயும் வா, காட்டுறன்.”

எனக்கு உள்ளுக்குள் மனவருத்தம்தான். என் கையால் இறங்காத சாப்பாடு வேற்று நாட்டவர் கையால் இறங்கிவிட்டதே என்று. ஆனாலும் போனேன்.

பஸ்ஸில் ஏழு தரிப்பு. சின்னக் கடை, எட்டு மேசை. கணவர் உள்ளே சமைக்கிறார், மனைவி தட்டங்களைக் கொண்டுவந்து நிரப்புகிறார், மகள் வாசலில் காசு வாங்குகிறார். சுவரில் மாதா படம். வாசலில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் விரும்பியதை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பஃபே என்று சொல்லுகிறார்கள். அண்ணை எழும்பிப் போய்விட்டார். நான் வெறும் கோப்பையோடு இருந்தேன். பரிமாற ஆள் வரும் என்று இருந்தேன். ஒருவரும் வரவில்லை. அண்ணை திரும்பி வந்து பார்த்தார்.

“என்ன, வயிறு காஞ்சு கிடக்கப் போறியோ? எழும்பு.”

“இத்தினை சனத்துக்கு முன்னாலை நானே அள்ளிறதே அண்ணை?”

“இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான். உனக்கு என்ன, வெத்திலை வைச்சு அழைக்க வேணுமோ?”

எழும்ப என்னால் முடியவில்லை. பிறர் இடத்தில் ஒருவர் போடாமல் நான் சாப்பிட்டதே இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் போலந்து அம்மா என் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போய், நிரப்பிக் கொண்டுவந்து வைத்து, பக்கத்திலேயே நின்றார். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் அப்பால் போனார். அதற்குப் பிறகு நாங்கள் போன ஒவ்வொரு புதனும் எனக்கு அவர்தான் போட்டுத் தந்தார்.

அன்றைக்குக் கோப்பையில் எங்கள் கொழுக்கட்டை இருந்தது. அதே பிறைவடிவம், அதே மாதிரி ஓரத்தைப் பல்லுப் பல்லாக மடித்திருந்தது. பயறும் சர்க்கரையும் என்று நினைத்து ஆவலாகக் கடித்தேன். உள்ளே உருளைக்கிழங்கும் ஒரு புளித்த பாற்கட்டியும். என் முகத்தைப் பார்த்து அண்ணை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணி போன பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பீற்றூட் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். அப்போதுதான் அந்த ஜேர்மனிக் குசினிக் கதையைச் சொன்னார். இந்தக் கடையில் சமையல் செய்யும் ஐயாவும் முன்பு ஜேர்மனியில் இருந்தவராம். வேலை குறைந்த நேரத்தில் வெளியே வந்து அண்ணையோடு அரைகுறை ஜேர்மன் மொழியில் கதைத்துச் சிரிப்பார். என் மனவருத்தம் அந்த மேசையிலேயே போய்விட்டது. அண்ணையின் உடம்பும் கொஞ்சம் தேறியது. அப்படியே இரண்டரை வருடம்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கரண்டியால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். விழுங்கும் சக்தி போய்விட்டதாம். எது கொடுத்தாலும் சுவாசப்பைக்குள் போய்விடுமாம். மூக்கால் குழாய் விட்டார்கள். வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணைக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

“பிள்ளை, இண்டைக்குப் புதனோ?”

“இல்லை அண்ணை, வியாழன்.”

அன்றைக்கு வியாழன்தான். ஆனால் அவர் தினமும் கேட்டார். புதன் வந்தால் நான் செவ்வாய் என்றோ வியாழன் என்றோ சொன்னேன். புதன் என்று சொன்னால் கடைக்கு வெளிக்கிட வேண்டும் என்பார். வெளிக்கிட ஏலாது என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் ஒருநாளும் மறுத்துக் கேட்கவில்லை. “அப்ப நாளைக்குப் பாப்பம்” என்பார்.

ஒரு திங்கட்கிழமை டொக்டர் மருமகனைக் கூப்பிட்டுக் கதைத்தார். மருமகன் வெளி விறாந்தைக்கு வந்து எனக்குத் தமிழில் சொன்னார்.

“மாமி, இனிச் சுகப்படுத்த ஏலாதாம். ஆசைக்குக் கரண்டியாலை கொஞ்சம் குடுக்கலாமாம். ஆனா நெஞ்சுக்குள்ளை போனா அதோடை முடிஞ்சிடுமாம். குடுக்கிறதோ விடுறதோ, நாங்கள்தான் சொல்லவேணுமாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“எனக்கு என்ன தெரியும் தம்பி? நீங்கள் படிச்சனியள்.”

“படிச்சு என்ன மாமி. அப்பாவுக்கு நான் எப்பிடி...” என்றார். வெள்ளிக்கிழமை சொல்வதாக டொக்டரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வேலைக்கு நேரம் ஆகிவிட்டது என்று போனார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் புதன்கிழமை நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் பின்னால் அண்ணை வருகிறாரா என்று பார்த்தார். நான் கையைத் தலைக்குக் கீழே வைத்து, படுத்திருக்கிறார் என்று காட்டினேன். அவர் உள்ளே ஓடிப் போய், மூடியுள்ள கிண்ணத்தில் சூப்பை நிறைத்து, துவாயால் சுற்றி என் பைக்குள் வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் மொழியில் என்னவோ சொன்னார். அவரால் விழுங்க ஏலாது என்று சொல்ல எனக்கு இங்கிலீசு இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் பையைக் கதிரைக்குக் கீழே, என் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்திருந்தேன். துவாய் சூடாக இருந்தது. நேர்ஸ் பிள்ளை மூன்று தரம் அந்தப் பக்கம் வந்து போனார். கையால் காட்டியாவது கேட்கலாம் என்று இரண்டு தரம் எழும்பினேன். இரண்டு தரமும் இருந்துவிட்டேன். மருமகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். வேலையில் இருந்தார் போல, எடுக்கவில்லை.

“பிள்ளை, பீற்றூட் மணக்குது.”

“இல்லை அண்ணை.”

“இண்டைக்குப் புதனோ?”

“இல்லை, செவ்வாய்.”

அண்ணை என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நேற்றும் செவ்வாய் எண்டனி” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். துவாய் ஆறிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊற்ற மனம் வராமல் ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் காலை நான் போய்ச் சேருவதற்கு முன் அண்ணை போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு அன்று, உயிரோடு இருக்கும்போது விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் இலையில் படைப்பது எங்கள் வழக்கம். குசினி நிறையச் சனம். இறைச்சி, கணவாய், போத்தல் எல்லாம் வந்தது. நான் அந்தக் கிண்ணத்தை உருக வைத்து, சூடாக்கி, கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அண்ணியின் தங்கச்சி கண்டுவிட்டார்.

“இதென்ன மச்சாள் சிவப்பா?”

“போலந்துக் கடைச் சூப்.”

“அங்கை மேலையும் போலந்துக்காரர் ஒரு கடை போட்டிருப்பினம்தானே” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிழையாகச் சொல்லவில்லை, எனக்கும் சிரிப்பு வந்தது. மருமகன் மட்டும் சிரிக்கவில்லை.

“இது எப்ப வாங்கினது மாமி?”

“அண்ணை போனதுக்கு முதல் நாள்.”

“அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை உங்களிட்டை இருந்ததோ?”

அவர் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, இறைச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, இலையின் நடுவில் வைத்தார். ஆவி பறந்தது. வாயால் கேட்டபோது கொடுக்காததை இலையில் வைத்துக் கும்பிட்டோம்.

இனி நான் நன்றி சொல்லவேண்டும். தினமும் அண்ணைக்குத் தலை வாரி இழுத்துவிட்ட நேர்ஸ் பிள்ளைக்கு நன்றி. முப்பத்தொரு நாளும் எங்களைச் சமைக்க விடாமல் தாங்களே சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், டூட்டிங்கிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் குளிரில் வந்து நின்றவர்களுக்கும், இதில் எழுத்துப் பிழை பார்த்துத் தந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நன்றி.

அந்தப் போலந்துக் குடும்பம் செய்தி கேட்டு, கடையைப் பூட்டிவிட்டுத் தகனத்துக்கு வந்து பின் வரிசையில் நின்றது. அவர்களுக்கு இந்த எழுத்து வாசிக்க வராது. நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் என் நன்றியைச் சொல்லுங்கள். அந்தச் சூப்பை அண்ணை குடித்துவிட்டுத்தான் போனார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அதைத் திருத்தவில்லை. நீங்களும் திருத்தவேண்டாம்.

கடைசியாக என் மருமகனுக்கு. தம்பி, அன்று விறாந்தையில் வைத்து, என்ன சொல்லுகிறீர்கள் மாமி என்று கேட்டீர்கள். ஒரு பெரிய காரியத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டவர் என் வாழ்க்கையில் நீங்கள் ஒருவர்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய். ஒரு கரண்டி கொடுப்போம் என்றுதான் என் மனம் சொன்னது. கொடுத்திருந்தால் அன்றைக்கே மூச்சு நின்று, அதற்காக இப்போது அழுதுகொண்டிருப்பேனோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் தனியாக நின்று முடிவெடுக்க முடியாமல் போனதாக நினைத்து உங்களை வருத்தக்கூடாது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. பக்கத்தில் நின்றுகொண்டும் நான்தான் சொல்லவில்லை.

அண்ணையின் தங்கச்சி,
சட்டன்.