பால்பவுடர் டின்னில் ஒரு பிடி

ஒரே கவளத்தில் குழைந்து நாக்கில் கரையும் சோறும், பல்லில் நறுக்கென்று அகப்படும் அரைவேக்காட்டுப் பருக்கையும், ரேஷன் அரிசியின் லேசான மக்கல் வாடையும் சேர்ந்து வந்தால், அது பல வீட்டு அரிசி என்று தெரிந்துகொள்ளலாம். பச்சரிசி, புழுங்கல், சன்னம், மோட்டா எல்லாம் ஒரே பானையில் கிடந்தால் ஒன்று முந்தி வேகும், ஒன்று கடைசிவரை முரண்டு பிடிக்கும். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் அந்தச் சோற்றைப் பதினோரு நாள் சாப்பிட்டோம்.

மற்றவர்கள் தங்கள் இளமையை எழுதுகிறார்கள். நான் எழுத வேண்டியிருப்பது என் மகள் ஜெபாவின் ஒன்பதாம் வயதை. அதை நான்தான் கெடுத்தேன் என்பதால் எழுதும் கடமையும் எனக்கே வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையின் கதவைப் பூட்டினார்கள். அங்கே ஸ்டோர் கிளார்க்காக இருந்து நட்டு, போல்ட்டு, வாஷர் என்று எண்ணி எண்ணியே பழகியவன், வேலை போன பிறகு வீட்டில் இருந்தவற்றை எண்ண ஆரம்பித்தேன். சோப்பு எத்தனை நாள் வருகிறது, தீப்பெட்டியில் எத்தனை குச்சி மிச்சம், ஒரு தேங்காய் மூடி எத்தனை வேளைக்கு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு எண் இருந்தது. கைநிறையச் சம்பளம் வந்த நாளிலும் நான் நிம்மதியாக இருந்தவனல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது போனஸ் குறைந்துவிடுமோ என்று எண்ணினேன், இப்போது அரிசி தீர்ந்துவிடுமோ என்று எண்ணினேன், அவ்வளவுதான் வித்தியாசம். என் மனைவி எஸ்தர் மட்டும் இரண்டு காலத்திலும் ஒரே முகத்தோடு இருந்தாள். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டே, “இருந்தாலும் கர்த்தர் கொடுத்தது, இல்லாங்காட்டியும் கர்த்தர் கூடத்தான் கீறாரு. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?” என்பாள்.

எங்கள் சபையில் ‘பிடியரிசி’ என்று ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே போட்டுவிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு எல்லா வீட்டுப் பிடியரிசியும் கோயிலில் ஒரே அண்டாவில் கொட்டப்படும், பிறகு இல்லாத வீடுகளுக்குப் போகும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய பால்பவுடர் டின். வேலை போன பிறகும் எஸ்தர் அதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, ஆண்டவரிடம் அவ்வளவு பயம். எனவே வேறொரு வழி கண்டுபிடித்தேன்.

ஒருநாள் காலை எஸ்தரை ஒரு பிடியும் ஜெபாவை ஒரு பிடியும் எடுக்கச் சொல்லி, இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தெருமுனையில் மளிகை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோய் நிறுத்தேன். எஸ்தரின் பிடி நாற்பத்திரண்டு கிராம், ஜெபாவின் பிடி இருபது. எதற்கென்று பாய் கேட்டார், சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, “இன்னா சார், அல்லாரும் இங்க வாங்க வருவாங்க, நீ நிறுக்க வந்துகீற. ஆண்டவரே தராசு வெக்கல, அவுருக்கு நீ வெச்சிக்கினு கீறியே!” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கிராம், மாதத்துக்கு அறுநூற்று அறுபது, அதாவது எங்கள் மூவருக்கும் ஒன்றரை நாள் சோறு என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

“இனிமே பிடியரிசிய நீதான் போடணும்” என்று ஜெபாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. தினமும் கையை இருமுறை கழுவி, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் டின்னைத் திறப்பாள். எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம், “எங்க வூட்ல சாமிக்கு நான்தான் போட்றேன், எங்கம்மா கூட இல்ல” என்று பீற்றிக்கொள்வாள். ஒரு நாள் இரண்டு கையாலும் அள்ளினாள். நான் அவசரமாக, “ஒரு கைதாம்மா, அதுவும் வெரல மூடிப் போடு” என்றேன். அதுதான் முறை என்று நம்பி விரல்களை மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து உப்பு வாங்கப் போனவளிடம் பாய் விளையாட்டாக, “உங்க நைனா உன் கைய நிறுத்துப் பாத்துட்டுப் போனாரே, இருவது கிராம்தானாமே!” என்று சொல்லியிருக்கிறார். வந்தவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. மறுநாள் காலை டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நீயே போடு நைனா. உன் கை பெர்சு.”

அரிசிக்குள் கையை விட்டேன். வெளியே எடுக்கும்போது என் விரல்கள் தாமாகவே சுருங்கிக்கொண்டன. டின்னில் விழுந்தது ஜெபாவின் பிடியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, “ம்” என்று மட்டும் சொல்லி மூடியை அழுத்தினாள். அதன்பிறகு எஸ்தர் ஒன்றும் கேட்காமல் பழையபடி தானே போட ஆரம்பித்தாள்.

அந்த மாதக் கடைசியில் சபையிலிருந்து ஓர் அக்கா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து கிலோ, பல வீட்டு அரிசி. எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். எஸ்தரோ, “குடுக்கும்போது நல்லா இருந்திச்சில்ல? வாங்கும்போது மட்டும் இன்னா?” என்று அதே முகத்தோடு உலை வைத்தாள். அந்த அரிசியிலிருந்தும் நிறைய ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டுவிட்டுத்தான் களைந்தாள்.

சாப்பிடும்போது ஜெபா குண்டுப் பருக்கை ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டே, “நைனா, இதுல நம்ம அரிசியும் கீதா?” என்று கேட்டாள்.

“கீது கண்ணு, இல்லாம?” என்றாள் எஸ்தர்.

ஜெபா என்னையே பார்த்தாள். “அப்ப கொஞ்சமாதான் இருக்கும்.”

நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை.

இப்போது எனக்கு வயது எழுபத்தாறு. எஸ்தர் போய் நான்கு வருடம், இரண்டு மாதம். தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கோயிலில் அந்த அண்டா இல்லை, காணிக்கையைப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பல வீட்டு அரிசி ஒன்றாக வெந்த வாசனை இனி எந்த வீட்டிலும் வராது. எங்கள் வீட்டில் இப்போது இருபத்தைந்து கிலோ மூட்டை, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பருக்கை. அது தீர்ந்துவிடுமோ என்று இன்றும் தட்டிப் பார்க்கிறேன்.

போன மாதம் விம்கோ நகரில் ஜெபா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அரிசி களையப் போகும்போது அடுக்களை மேடையில் ஒரு டின்னைப் பார்த்தேன். மாதக் கடைசியில் யாருக்காவது கொடுத்துவிடுவாளாம். நான் அடுக்களை வாசலில் நிற்பது தெரிந்ததும் அவள் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அரிசி டின்னில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை பிடி போட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.